நீரிலிருந்து எரிசாராயத்தைப் பிரிக்க எது ஏற்றது? வடிகோபுரம், மூலக்கூறு சல்லடை, சவ்வு ஆகியவற்றின் ஒப்பீடு

சர்க்கரை ஆலையில் எஞ்சும் பாகான மொலாசஸில் நீர் கலந்து ஈஸ்ட் இட்டு நொதிக்க வைத்தால், ஒன்றரை நாளுக்குள் தயாராகும் பழுப்பு நிற நொதிச்சாற்றை வடிசாலைகளில் ‘வாஷ்’ என்பார்கள். அதில் எடைக்கணக்கில் நூற்றுக்கு ஆறேழு பங்குதான் எத்தனால். மீதியில் பெரும்பகுதி நீர். பெட்ரோலில் கலப்பதற்கான எத்தனாலோ 99.5 சதவீதத்துக்கும் மேல் தூய்மையாக இருக்க வேண்டும். நொதிக்க வைப்பது ஈஸ்ட்டின் வேலை, அதற்குக் கூலி குறைவு. நீரைப் பிரிப்பதற்குத்தான் கொதிகலனும் நீராவியும் வடிகோபுரங்களும் தேவைப்படுகின்றன. ஒரு லிட்டர் எரிசாராயத்தின் எரிபொருள் செலவில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. 2003 ஜனவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீத எத்தனாலைக் கலப்பதாகத் தொடங்கிய திட்டம், 2025இல் நாடு முழுவதும் 20 சதவீதத்தை எட்டியிருக்கும் நிலையில், இந்தப் பிரிப்பை எந்த முறையில் செய்வது என்பது ஆலை நடத்துகிறவர் ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வியாகிவிட்டது.

கலவையில் ஒரு பொருளை மட்டும் எளிதாகக் கடக்கவிடும் மெல்லிய தடுப்புதான் சவ்வு. சவ்வு முறைகளைப் பற்றிய பேச்சில் ஒரு குழப்பம் தொடர்ந்து வருகிறது. ‘சவ்வு வைத்தால் நீராவி மிச்சம்’ என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் எந்த இடத்தில் வைத்தால், எது சவ்வைக் கடந்து போனால் மிச்சம் என்பது சொல்லப்படுவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனாலைப் பொறுத்தவரை சவ்வுக்கு உரிய இடம் வரிசையின் கடைசி, அதாவது கொஞ்சநஞ்சம் எஞ்சிய நீரை அகற்றும் கட்டம். எரிபொருளாகக்கூடிய இன்னொரு ஆல்கஹாலான பியூட்டனாலுக்கு மட்டும் அதை வரிசையின் தொடக்கத்தில், நொதிகலனுக்குப் பக்கத்திலேயே வைப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

காய்ச்சி வடித்தல் எங்கே நிற்கிறது

எத்தனாலின் கொதிநிலை 78.4 டிகிரி, நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ். இந்த வேறுபாட்டை நம்பித்தான் வடிகோபுரம் இயங்குகிறது. கோபுரத்தின் ஒவ்வொரு தட்டிலும் ஆவி குளிர்ந்து, மறுபடி ஆவியாகி, மேலே ஏற ஏற எத்தனால் செறிவடைகிறது. அடியில் கொடுத்த ஒரே நீராவி எல்லாத் தட்டுகளிலும் வேலை செய்கிறது என்பதுதான் இதன் பெரிய பலம். எடைக்கணக்கில் 95.6 சதவீதத்தை எட்டியதும் இந்த ஏற்றம் நின்றுவிடும். அந்தச் செறிவில் கலவை ஏறக்குறைய 78.2 டிகிரியில் ஒரே பொருளைப் போலக் கொதிக்கிறது. திரவத்தில் உள்ள விகிதமே ஆவியிலும் இருக்கிறது. அதற்கு மேல் எத்தனை தட்டு சேர்த்தாலும் பயனில்லை.

1902இல் சிட்னி யங் என்ற வேதியியலாளர் பென்சீனைச் சேர்த்து வடித்தால் இந்தத் தடையைத் தாண்டலாம் என்று காட்டினார். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் பின்னர் சைக்ளோஹெக்சேன் அதன் இடத்துக்கு வந்தது. இன்று இந்திய வடிசாலைகளில் பரவலாக இருப்பது மூலக்கூறு சல்லடை. மூன்று ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துளை கொண்ட, சியோலைட் என்ற கனிமத்தால் ஆன மணிகள் நிரப்பிய இரண்டு கலன்கள் மாறி மாறி இயங்கும். எத்தனால் ஆவி உள்ளே போகும்போது நீர் மூலக்கூறுகள் மணிகளின் துளைக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. எத்தனால் மூலக்கூறு பெரியது என்பதால் உள்ளே நுழைய முடியாமல் வெளியே வந்துவிடுகிறது.

சல்லடை நம்பகமானது. இதை ஓட்டத் தெரிந்தவர்கள் பல இடங்களில் கிடைப்பார்கள். மணிகளை நல்லபடி வைத்துக்கொண்டால் பல ஆண்டுகள் உழைக்கும். இதன் குறை மீளுருவாக்கத்தில் இருக்கிறது. நீரை உண்ட கலனை உலர்த்த, உற்பத்தியான தூய எத்தனால் ஆவியிலேயே ஒரு பகுதியை, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை, வெற்றிடத்தில் அதன் வழியே செலுத்த வேண்டியிருக்கிறது. அது நீரோடு கலந்து, அறுபது எழுபது சதவீத எத்தனாலாக மறுபடி வடிகோபுரத்துக்கே திரும்புகிறது. செலவழித்து உலர்த்திய பொருளை நனைத்து மறுபடி காய்ச்சுகிறோம். கோபுரத்தின் கொள்ளளவில் ஒரு பங்கு எப்போதும் இந்தத் திரும்புசாற்றுக்கே போய்விடுகிறது.

சவ்வின் வழி ஆவியாதல்

1917இல் பி.ஏ. கோபர் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். கொலோடியன் என்ற செல்லுலோஸ் பொருளால் செய்த பையில் திரவத்தை ஊற்றி, வாயை இறுகக் கட்டிக் காற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். பையில் ஓட்டை எதுவும் இல்லை, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, ஆனாலும் உள்ளே இருந்த திரவம் குறைந்துகொண்டே வந்தது. திரவம் பையின் சுவருக்குள் கரைந்து, மறுபுறம் ஆவியாக வெளியேறியிருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் பெர்வேப்பரேஷன். இன்றைய தொழிற்சாலைச் சவ்வும் அதே பைதான். பின்புறம் காற்றுக்குப் பதிலாக வெற்றிடமும் குளிர்விப்பானும் இருக்கின்றன, அவ்வளவே.

எந்தப் பொருள் சவ்வில் நன்றாகக் கரைகிறதோ, எது அதனுள் விரைவாக நகர்கிறதோ, அது முதலில் கடக்கிறது. ஆகவே இரண்டு வகைச் சவ்வுகள் செய்யலாம். நீரை வெறுத்து ஆல்கஹாலை விரும்பும் சிலிக்கோன் சவ்வு ஒன்று. நீரை விரும்பும் பாலிவினைல் ஆல்கஹால் அல்லது சியோலைட் சவ்வு மற்றொன்று. முதலாவது எத்தனாலை இழுக்கிறது, இரண்டாவது நீரை வெளியேற்றுகிறது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே கருவிபோலத் தோன்றினாலும், செலவுக் கணக்கில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு.

நொதிச்சாற்றிலிருந்து நேராக எத்தனாலை இழுப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதிகம் பயன்படும் பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் சவ்வின் பிரிப்புக் காரணி எத்தனால்-நீர் கலவைக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து வரை. அதாவது, கலவையில் எத்தனாலுக்கும் நீருக்கும் உள்ள விகிதம் சவ்வைக் கடக்கையில் எட்டு மடங்கு உயர்கிறது. 6 சதவீத வாஷை இந்தச் சவ்வில் செலுத்தினால் மறுபுறம் 34 சதவீத எத்தனால் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வாஷை ஒரு சட்டியில் கொதிக்க வைத்து, முதலில் எழும் ஆவியைப் பிடித்தால் அதில் 40 சதவீதத்தை ஒட்டி எத்தனால் இருக்கும். வெறும் கொதித்தலே பத்து மடங்கு பிரித்துத் தருகிறது. அப்படியானால் இந்தச் சவ்வு பிரிப்பில் எதையும் கூட்டவில்லை. குறைந்த வெப்பநிலையில் வேலை நடக்கிறது என்பது மட்டுமே அது தரும் ஆதாயம்.

ஆற்றல் கணக்கும் இதையே சொல்கிறது. 34 சதவீதக் கலவையில் ஒரு கிலோ எத்தனாலோடு ஏறத்தாழ இரண்டு கிலோ நீர் வருகிறது. 35 டிகிரியில் ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2.4 மெகாஜூலும், ஒரு கிலோ எத்தனாலை ஆவியாக்க 0.9 மெகாஜூலும் வேண்டும். கூட்டினால் ஐந்தரை மெகாஜூலுக்கு மேல் போகிறது. ஒரு கிலோ எத்தனாலை எரித்தால் கிடைப்பதே 27 மெகாஜூல்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்து நாம் வாங்கியது 34 சதவீதச் சாராயம். அதை மறுபடி கோபுரத்தில் ஏற்றியாக வேண்டும். இதுவும் தொடக்க நிலைக் கணக்கு மட்டுமே. வாஷில் உள்ள எத்தனாலில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துவிட்ட கட்டத்தில், எஞ்சிய 0.6 சதவீதத்திலிருந்து கிடைப்பது 5 சதவீதத்தைக்கூடத் தொடாது.

சிலிக்கலைட் என்ற, அலுமினியம் இல்லாத சியோலைட் சவ்வுகளில் பிரிப்புக் காரணி 60 வரை ஆய்வகங்களில் எட்டப்பட்டிருக்கிறது. அந்தக் காரணி நிலைத்தால் 6 சதவீத வாஷிலிருந்து 79 சதவீத எத்தனால் ஒரே கடப்பில் வரும், கணக்கே தலைகீழாகும். நான் இந்தத் துறையில் ஆவலோடு எதிர்பார்ப்பது இதைத்தான். ஆனால் உண்மையான நொதிச்சாற்றில் உள்ள கரிம அமிலங்களும் பிற துணைப்பொருள்களும் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொண்டு செயலைக் குறைக்கின்றன. இன்றைக்கு ஒரு ஆலைக்கு வாங்கச் சொல்லும் நிலையில் அது இல்லை.

கட்டுரைகளில் அதிகம் பேசப்படாத இன்னொரு தொல்லையும் உண்டு. நொதித்தலில் 92 கிராம் எத்தனாலுக்கு 88 கிராம் கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. அதில் சாற்றில் கரைந்திருக்கும் பகுதி, சிலிக்கோன் சவ்வைத் தங்கு தடையின்றிக் கடந்து போகும். எத்தனாலும் நீரும் குளிர்விப்பானில் திரவமாகிவிடும். இந்த வாயு ஆகாது. அதை முழுக்க வெளியே இழுப்பது வெற்றிடப் பம்பின் தலையில் விழுகிறது. சர்க்கரைக் கரைசலும் எத்தனாலும் மட்டும் கலந்து ஆய்வகத்தில் எடுத்த அளவீட்டை வைத்துப் பம்பின் திறனைத் தேர்ந்தெடுத்தால், உயிருள்ள நொதிகலனோடு இணைத்த முதல் நாளே வெற்றிடம் நிற்காது.

எதிர்ச் சவ்வூடு பரவலைப் பற்றியும் கேட்கிறார்கள். குடிநீருக்குப் பயன்படும் ஆர்.ஓ.வை இதற்கும் வைத்தால் என்ன என்பது இயல்பான கேள்விதான். 5 சதவீத எத்தனாலின் சவ்வூடு அழுத்தம், அதாவது நீரைப் பிரிக்கப் பம்பு மீற வேண்டிய அழுத்தம், ஏறத்தாழ 28 பார், 10 சதவீதத்துக்கு 60 பாரை நெருங்குகிறது, 20 சதவீதத்துக்கு 130 பாரைத் தாண்டுகிறது. அத்தோடு எத்தனால் மூலக்கூறு சிறியதாகவும் மின்னூட்டம் அற்றதாகவும் இருப்பதால், உப்பைத் தடுக்கும் அளவுக்கு அந்தச் சவ்வுகள் அதைத் தடுப்பதில்லை. சவ்வு வடித்தல் முறையில் நுண்துளை கொண்ட டெஃப்லான் போன்ற சவ்வு ஆவியை மட்டும் விடும்; பிரிப்பு கொதித்தலுக்கு நிகரானதே, எத்தனால் கூடினால் துளைகள் நனைந்து திரவமே கசியத் தொடங்கும். எத்தனால் மீட்புக்கு இவ்விரண்டையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

கடைசிக் கட்டத்தில் நீரை வெளியேற்றுதல்

வரிசையின் மறுமுனைக்கு வருவோம். கோபுரத்தின் உச்சியிலிருந்து 95 சதவீத எத்தனால் வருகிறது. ஒரு கிலோ எத்தனாலோடு இருக்கும் நீர் வெறும் 53 கிராம். நீர் விரும்பும் சவ்வில் செலுத்தினால் அந்த 53 கிராம் மட்டுமே கடக்க வேண்டும். அதற்கான ஆவியாக்க வெப்பம் 0.12 மெகாஜூல். மேலே பார்த்த ஐந்தரை மெகாஜூலோடு இதை வைத்துப் பாருங்கள். எது குறைவாக இருக்கிறதோ அதைக் கடக்க விடுவதுதான் சவ்வுக்கு ஏற்ற வேலை. இங்கே கொதிநிலைத் தடையும் குறுக்கே நிற்பதில்லை, ஏனென்றால் பிரிப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சவ்வுதான்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்குப் பழைய சான்று உண்டு. ஜெர்மனியின் ஜி.எஃப்.டி. நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பாலிவினைல் ஆல்கஹால் சவ்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1988இல் பிரான்சின் பெத்தனிவில் என்ற ஊரில், பீட்ரூட் சர்க்கரைத் தொழிலோடு இணைந்து, நாளொன்றுக்கு 1,50,000 லிட்டர் எத்தனாலை உலர்த்தும் ஆலை அதே வகைச் சவ்வோடு தொடங்கியது. அதில் இருந்த சவ்வின் பரப்பு 2,000 சதுர மீட்டருக்கும் மேல். மணிக்கு ஏறத்தாழ 300 கிலோ நீரை அகற்ற அவ்வளவு பரப்பா என்று தோன்றலாம். காரணம் எளிது. நீர் குறையக் குறைய அதைத் தள்ளும் விசையும் குறைகிறது. கடைசி ஒரு சதவீத நீருக்குத்தான் பரப்பின் பெரும்பகுதி செலவாகிறது. விற்பனையாளர் காட்டும் கடப்பு வீதம் (ஒரு சதுர மீட்டர் சவ்வை மணிக்குக் கடக்கும் அளவு) பெரும்பாலும் நுழைவாயிலில், 10 சதவீத நீரில் அளந்ததாக இருக்கும். வெளிவாயிலில், அரை சதவீத நீரில் அது எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

என்.ஏ.ஏ. வகைச் சியோலைட் சவ்வு இதைவிடப் பல மடங்கு வேகமானது. பீங்கான் குழாயின் மேல் சியோலைட் படிகங்களை வளர்த்துச் செய்யும் இந்தச் சவ்வு, 75 டிகிரியில், 10 சதவீத நீருள்ள எத்தனாலில், சதுர மீட்டருக்கு மணிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் நீரைக் கடத்தியது. பிரிப்புக் காரணி 10,000ஐ எட்டியது. ஜப்பானில் மிட்சுய் நிறுவனம் இதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தது; 2001இல் வெளியான விவரப்படி 16 தொகுதிகளில், ஒவ்வொன்றிலும் 125 குழாய்கள் வைத்து, மணிக்கு 530 லிட்டர் கரைப்பானை 0.2 சதவீத நீருக்குக் கீழ் உலர்த்தினார்கள். அதே வகைச் சவ்வுகள் பின்னர் பிரேசிலில் நாளுக்கு 3,000 லிட்டர், இந்தியாவில் நாளுக்கு 30,000 லிட்டர் அளவில் எரிசாராயத்தை உலர்த்த வைக்கப்பட்டன.

பாலிவினைல் ஆல்கஹால் விலை குறைவு; ஆனால் நீர் அதிகமானால் ஊறி உப்பிப் பிரிப்புத் திறனை இழக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சியோலைட் ஊறாது, வெப்பத்தைத் தாங்கும். ஆனால் விலை அதிகம், பீங்கான் என்பதால் கவனமில்லாமல் கையாண்டால் உடையும், அமிலத்தில் கரையும். இந்தக் கடைசிக் குறையைச் சிறிதாக எண்ணக் கூடாது. மொலாசஸ் வாஷின் அமிலத்தன்மை நான்கு அல்லது ஐந்து பி.எச். அளவில் இருக்கும், அதில் இந்தச் சவ்வை நேராக நனைத்தால் படிகங்கள் சிதைந்துவிடும். கோபுரத்தின் உச்சி ஆவியோடு வரும் அசிட்டிக் அமிலத்தைக்கூட முன்கூட்டிக் கட்டுப்படுத்த வேண்டும். நெதர்லாந்தில் உருவான, கரிமப் பிணைப்பு சேர்த்த சிலிக்கா சவ்வு 150 டிகிரியில் பியூட்டனாலை உலர்த்துவதில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. அமிலத்துக்கு அஞ்சுகிறவர்கள் அந்த வகையைப் பார்க்கலாம்.

திரவமாகச் செலுத்துவதா, ஆவியாகவே செலுத்துவதா என்பது அடுத்த தேர்வு. திரவமாகச் செலுத்தினால், நீர் ஆவியாகும்போது அந்த வெப்பத்தைத் திரவத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் கலவை குளிர்ந்துகொண்டே போகும்; தொகுதிகளுக்கு நடுவே சூடேற்றிகள் வைக்க வேண்டும். கோபுரத்தின் உச்சி ஆவியைக் குளிர்விக்காமல் நேராகச் சவ்வுக்கு அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. புதிதாகக் கட்டும் வடிசாலைக்கு நான் ஆவி முறையையே பரிந்துரைப்பேன். ஆவியைச் சற்றே மிகைச்சூடாக வைத்து, குழாயில் துளி படியாமல் பார்த்துக்கொள்வது மட்டும் கண்டிப்பு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் லேலண்ட் வேன் குழுவினர் இதை மேலும் ஒரு படி கொண்டுபோனார்கள். கோபுரத்தின் ஆவியை அழுத்தி, சவ்வில் செலுத்தி, கடந்து வந்த நீராவியை மறுபடி அதே கோபுரத்தின் அடிக்கே அனுப்பினால், அந்த வெப்பம் வீணாவதில்லை. வழக்கமான வடித்தலோடு ஒப்பிட்டால் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் ஆற்றல் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு.

ஏற்கெனவே மூலக்கூறு சல்லடை வைத்திருக்கும் ஆலை அதைக் கழற்றி எறியத் தேவையில்லை. அறுபது எழுபது சதவீத எத்தனாலாகக் கோபுரத்துக்குத் திரும்பும் அந்த மீளுருவாக்கச் சாற்றை மட்டும் ஒரு சவ்வுத் தொகுதியில் உலர்த்தினால், கோபுரத்தின் கொள்ளளவு விடுபடுகிறது. அமெரிக்காவின் மக்காச்சோள எத்தனால் ஆலைகள் சிலவற்றில் இப்படித்தான் சவ்வைச் சேர்த்திருக்கிறார்கள். குறைந்த முதலீட்டில் அதிகப் பயன் தரும் வழி என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பியூட்டனால் வேறு கதை

அசிட்டோன், பியூட்டனால், எத்தனால் மூன்றும் சேர்ந்து தரும் நொதித்தல் முதல் உலகப்போர்க் காலத்தில் வேதியியலாளர் சைம் வைஸ்மானால் தொழிலாகி, பெட்ரோலிய வேதிப்பொருள்கள் மலிவானபோது 1960களில் பெரும்பாலும் மூடப்பட்டது. பியூட்டனால் ஒரு கிலோவுக்கு 33 மெகாஜூல் தரும். எத்தனாலைவிடப் பெட்ரோலுக்கு நெருங்கியது. சிக்கல் என்னவென்றால், சாற்றில் லிட்டருக்கு 13 கிராமை எட்டும்போதே அதை உண்டாக்கும் கிளோஸ்ட்ரிடியம் பாக்டீரியா தன் விளைபொருளாலேயே மடங்கிவிடுகிறது. ஒரு கிலோ பியூட்டனாலுக்கு 75 கிலோவுக்கு மேல் நீரைக் கையாள வேண்டும். அதைவிட, சர்க்கரையைச் செறிவாகக் கொடுக்கவும் முடியாது.

இங்கேதான் சிலிக்கோன் சவ்வு தன் வேலையைக் காட்டுகிறது. அதன் பிரிப்புக் காரணி பியூட்டனாலுக்கு 20க்குக் குறையாமல் இருக்கும். 1.2 சதவீதச் சாற்றிலிருந்து ஏறத்தாழ 19 சதவீதம் வருகிறது. நீரில் பியூட்டனால் கரையும் அளவு 8 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், சவ்வைக் கடந்த ஆவி குளிர்பொறியில் பனியாக உறைந்ததைக் கண்ணாடிக் குழாயில் உருகவிட்டால் அது முதலில் பால்போலக் கலங்கும். சில நிமிடங்களில் நடுவே ஒரு கோடு தெளிந்து, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலமும் கீழே தெளிந்த நீருமாகப் பிரியும். குழாயைத் திறந்தால் வார்னிஷ் போன்ற நெடி மூக்கில் ஏறும். மேல் அடுக்கில் பியூட்டனால் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. எந்த வெப்பமும் கொடுக்காமல், நின்ற இடத்தில் கிடைக்கும் இந்தப் பிரிப்பு எத்தனாலுக்கு ஒருபோதும் வாய்ப்பதில்லை. அசிட்டோனும் எத்தனாலும் கூடுதலாக வந்தால் கோடு சற்று மங்கும், ஆனாலும் பிரியும்.

ஆற்றல் கணக்கு இங்கும் இனிப்பானதில்லை. காரணி 20 என்றால் ஒரு கிலோ பியூட்டனாலோடு நான்கு கிலோ நீர் வரும், அதற்குப் பத்து மெகாஜூலுக்கு மேல் செலவு. காரணி 40 ஆனால் அது பாதியாகும். ஆகவே பியூட்டனாலில் சவ்வை நியாயப்படுத்துவது வெப்ப மிச்சம் மட்டும் இல்லை. நஞ்சை உடனுக்குடன் எடுப்பதால் பாக்டீரியா தொடர்ந்து உழைக்கிறது, சர்க்கரையைச் செறிவாகக் கொடுக்கலாம், அதே அளவு பியூட்டனாலுக்குக் கழிவுநீர் குறைகிறது.

போட்டி முறைகளில் வலுவானது வாயுவீச்சு. நொதிகலனில் பிறக்கும் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சாற்றின் வழியே குமிழிகளாகச் சுழற்றி, ஏறி வரும் ஆவியைக் குளிர்விப்பது அது. அடைக்கவோ கிழியவோ அதில் எதுவும் இல்லை; நுரை மட்டும் பொங்கும். நீர் அதிகமாக வருவதுதான் அதன் குறை. ஓலைல் ஆல்கஹால் கொண்டு கரைத்தெடுக்கும் முறை நீரைக் கொஞ்சமும் ஆவியாக்காமல் பியூட்டனாலை இழுக்கும், பாக்டீரியாவுக்கும் பெரிதாகத் தீங்கில்லை. ஆனால் அந்த எண்ணெயிலிருந்து பியூட்டனாலை மீட்கத் தனியாக ஒரு வடிகோபுரம் வேண்டும், சாறும் எண்ணெயும் பால்மமாகக் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. முதல் சோதனை ஆலையை வாயுவீச்சில் தொடங்கி, நுண்ணுயிரி நிலைபெற்ற பிறகு சவ்வுக்கு மாறுவது நிதானமான வழி என்று நினைக்கிறேன்.

ஆலையின் நிலையைப் பார்த்துத் தீர்மானித்தல்

கரும்புச் சக்கையை எரித்து நீராவி தயாரிக்கும் ஆலையில் நீராவி ஏறக்குறைய இலவசம் என்று நினைக்கிறார்கள். மிச்சமாகும் நீராவியை டர்பைனில் செலுத்தி மின்சாரமாக விற்க இணைப்பு இருந்தால் அந்த எண்ணம் தவறு; இணைப்பு இல்லையென்றால், சவ்வின் விலையை மிச்சத்தால் ஈடுகட்ட நீண்ட காலம் ஆகும், அங்கே சல்லடையே போதும். நிலக்கரியோ விறகோ விலைக்கு வாங்கும் தானிய வடிசாலையில் கணக்கு சவ்வின் பக்கம் சாய்கிறது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் சாராயத்துக்கு எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை வரும், வடித்த பின் எஞ்சும் கழிவுநீரான ஸ்பென்ட் வாஷை ஆவியாக்கிச் சுண்டவைக்கும் அடுக்கு ஆவியாக்கிகள் பல ஆலைகளில் வடிகோபுரத்தின் ஆவியிலேயே ஓடுகின்றன. கோபுரத்தின் சுமையைக் குறைத்தால் அவற்றுக்குக் கிடைக்கும் ஆவியும் குறையும். கோபுரத்தில் மிச்சம் பிடித்ததை ஆவியாக்கியில் புதிய நீராவியாகக் கொடுக்க நேர்ந்தால் ஆதாயம் எங்கே? ஆகவே வெப்பச் சமநிலையை முழு ஆலைக்கும் போட்ட பிறகே சவ்வுக்கு விலைப்புள்ளி கேட்க வேண்டும்.

விலைப்புள்ளி வந்தபின், அந்த ஆலையின் சொந்த ஆவியையோ சொந்தச் சாற்றையோ கொண்டு குறைந்தது ஆயிரம் மணி நேரம் ஒரே ஒரு குழாயையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்ட்டிலும் கடப்பு வீதத்தையும், கடந்து வந்த நீரில் கலந்திருக்கும் எத்தனாலையும் குறித்துவர வேண்டும். கடப்பு வீதம் மெல்லக் குறைந்தால் அது அழுக்கு, கழுவினால் திரும்பும். கடந்த நீரில் எத்தனால் கூடிக்கொண்டே வந்தால் சவ்வில் விரிசல் விழுகிறது. அந்தக் குழாயை எந்தக் கழுவலும் மீட்காது, அந்த விற்பனையாளரிடம் கொள்முதல் ஆணையில் கையெழுத்திடவும் கூடாது.